ரொறன்ரோவில் நம் சனத்துக்கு உதவ ஆசை, கையில் காசில்லை, என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, கிழமை நாட்களில் வேலை, சனி ஞாயிறு ஓய்வு, நம் சனத்துக்கு ஏதாவது செய்ய மனம் இருக்கிறது, ஆனால் ஊர்ச்சங்கத்துக்குப் போனால் இரவு விருந்துக்கு ரிக்கெற் வாங்கச் சொல்கிறார்கள், காசில்லாதவன் எப்படி உதவுவது? இதுதானே?

ஊர்ச்சங்கங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் பள்ளிக்கூடக் கூரை, வாசிகசாலை என்று அவர்கள் செய்தது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 2004இல் சுனாமி அடித்தபோது இங்கே பனிக்குள் நின்று காசு சேர்த்த சனம்தான் இது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அனுப்பப் பழகிய அளவுக்கு, பக்கத்து வீட்டு பேஸ்மென்ற்றில் தனியே இருக்கும் அம்மாவை எட்டிப் பார்க்க நாம் பழகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களைப் போல காசில்லாத, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

யாரைச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட அப்பா அம்மாக்களை. பெற்றோரைக் கூப்பிடும்போது, கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில், 20 வருடம் பார்த்துக்கொள்வேன் என்று பிள்ளை கையெழுத்து வைக்கிறது. முதியோர் பென்ஷனுக்கு 65 வயதும் வேண்டும், கனடாவில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்கவும் வேண்டும். அதுவரைக்கும் பஸ் காசுக்குக்கூட மகனிடமோ மருமகளிடமோதான் கேட்க வேண்டும், கேட்கக் கூச்சம், ஊரில் பெரிய வாத்தியாராக இருந்தவருக்கு இங்கே பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதோடு நாள் முடிந்துவிடும். பத்து வருடம் தாண்டியவர்களின் பாடு வேறு. அரசாங்கக் கடிதம் வரும், ஆங்கிலத்தில் இருக்கும், "மகன் வேலையால் வரட்டும்" என்று மேசை லாச்சிக்குள் போகும், மகன் இரண்டு வேலை செய்கிறவன், அதோடு அது அங்கேயே கிடக்கும்.

வரியிலிருந்து தொடங்குங்கள். "எனக்கு வருமானமே இல்லை, நான் எதுக்குப் பதிய வேணும்" என்று கேட்கும் முதியவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வரிக் கணக்குப் பதியாவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் ஜிஎஸ்ரி காசு வராது, ஒன்ராறியோ ட்ரிலியம் காசு வராது. வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்குக் கூடுதலாக வரும் ஜிஐஎஸ் தொகை ஏப்ரல் 30க்குள் விவரம் போகாவிட்டால் ஜூலையில் நின்றுபோகலாம், தனியே வாழும் ஆளுக்கு அது வாடகைக் காசு. இதற்காகவே கனடா வருமான வரித் திணைக்களத்தின் ஆதரவில் இலவச முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நடக்கின்றன, நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும். தொண்டர்கள்தான் படிவம் நிரப்புகிறார்கள். நீங்கள் கணக்காளராக இருக்கத் தேவையில்லை, பயிற்சி அவர்களே தருவார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் நம் ஆட்கள் வரிசையை விட்டு அந்தப் பக்கம் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் சின்னச் சின்னப் படிவங்கள். ஒன்ராறியோவில் 65 ஆனதும் பெரும்பாலான மருந்துச் செலவை மாகாணம் ஏற்கிறது, ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் 100 டொலரைத் தாங்களே கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் அந்த 100 இல்லை, ஒரு மருந்துக்கு 2 டொலருக்கு மேல் கட்டத் தேவையும் இல்லை. எத்தனை பேருக்கு இது தெரியாது என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். முழங்கால் ஏலாமல் பஸ்ஸில் ஏறப் பயந்து டாக்டரிடம் போவதையே தள்ளிப்போடும் ஆட்களுக்கு, உடம்பு ஏலாதவர்களை ஏற்றி இறக்கும் வீல்-ட்ரான்ஸ் வாகனம் இருக்கிறது, ரொறன்ரோ பஸ்ஸுக்குக் கட்டும் அதே ரிரிசி கட்டணம்தான், முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

இனி, நான் இவ்வளவு எழுதியதே இதைச் சொல்லத்தான். நம் சனம் உதவி கேட்டு வராததற்கு முதல் காரணம் கதை. ஸ்காபரோ பெரிய இடம் என்று நினைக்கிறீர்கள், ஆனால் இன்னாருடைய மகன் தாயைப் பார்ப்பதில்லை என்பது வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் வந்துவிடும். உணவு வங்கியில் தெரிந்த முகம் நிற்குமோ என்று பயந்து போகாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் யாருடைய கடிதத்தில் என்ன இருந்தது என்பதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள், என் கணவருக்கு இன்றுவரை நான் யார் யாருக்குப் படிவம் நிரப்புகிறேன் என்று தெரியாது. அரிசிப் பையைக் கொடுக்கும்போது படம் எடுத்து பேஸ்புக்கில் போடுகிறவர்களோடு சேராதீர்கள். "எந்த ஊர், யாருடைய ஆட்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அடுத்து எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே வந்தும் அது விடவில்லை.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. வங்கி அட்டை, இரகசிய எண் எதுவும் கைக்கு வரக்கூடாது, அவர்களே நம்பித் தந்தாலும் சரி. குடிவரவுப் படிவத்தில் பெயர், முகவரி எழுதிக் கொடுப்பது பரவாயில்லை, கேஸுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துங்கள், காசு வாங்கி அதைச் செய்ய உரிமம் வேண்டும், காசு வாங்காமல் பிழையாகச் சொன்னாலும் கெடுவது அவர்களின் வாழ்க்கை. ஆஸ்பத்திரியில் பெரிய வருத்தம் பற்றிக் கதைக்கும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் அடி, பட்டினி என்று ஏதாவது காதில் விழுந்தால் நீங்கள் பஞ்சாயத்துக்குப் போக வேண்டாம், சமூக உதவிகளுக்கு வழிகாட்டும் 211 தொலைபேசிக்கு அடியுங்கள், 24 மணி நேரமும் ஆள் இருக்கும், தமிழிலும் கதைக்க ஏற்பாடு செய்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911.

கிழமைக்கு இரண்டு மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம் என்று வையுங்கள். எல்லாக் கூட்டத்துக்கும் ஓடித் திரிந்தால் மூன்று மாதத்தில் களைத்துவிடுவீர்கள், அதற்குள் உங்களை நம்பி வந்த நாலு பேர் ஏமாந்துபோவார்கள். தெரிந்த வீடுகளில் உயர்பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் இழுங்கள். ஒன்ராறியோவில் அவர்கள் டிப்ளோமா எடுக்க 40 மணி நேரத் தொண்டு காட்டவேண்டும், கடைசி வருடம்வரை அதைத் தள்ளிப்போட்டுவிட்டு அம்மாவைப் போட்டு அரிப்பார்கள். பள்ளிக்கூடம் ஏற்கும் இடமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

இதில் உங்களுக்கும் லாபம் உண்டு, அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போது இங்கே உங்களைத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும், முகாமை நடத்துகிறவர் அதைச் செய்வார்.

இப்போதைக்கு ஒரே அலுவல்தான். பக்கத்து நூலகத்துக்குப் போய் அடுத்த வரி முகாமை யார் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், கையில் வரக் கொஞ்சம் காலம் எடுக்கும், ஆகவே பெப்ரவரி வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். தொண்டு வேலைக்கு என்று கடிதம் காட்டினால் கட்டணம் குறையுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.