‘எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஏமாளியா?’

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. ஐந்து வருடங்களுக்கு முன் என்னிடம் வேலை பார்த்த ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நான் கையெழுத்துப் போட்ட பில்களில் பாதி பொய் என்று தணிக்கையில்தான் தெரிந்தது. பதில் சொல்லி மாளவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும், இதில் என்ன பொய் இருக்கும் என்றே தோன்றுகிறது.

போன மாதம் என் குழுவில் ஓர் இளைஞர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு கேட்டார். “ஆஸ்பத்திரி சீட்டைக் கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்றேன். மறுநாள் சீட்டோடு வந்து நின்றார். அவர் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அந்த முகம் மறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சமீபத்தில் என் பயணப் படியில் போகாத ஒரு நாளையும் சேர்த்து எழுதினேன். எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஏமாளியா என்று தோன்றியது. நான் இப்படிப்பட்டவள் இல்லை, மேடம்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

விடுப்பு விஷயத்தை விரிவாக எழுதி, பயணப் படியைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் அதிகக் கவலை தருகிறது. ஆனால் இரண்டும் ஒரே காயத்திலிருந்து வந்தவை.

ஒருமுறை பெரிதாக ஏமாந்தவரின் மனதில், ‘இங்கே எது நியாயம்?’ என்று கேட்க வேண்டிய நேரத்தில், ‘நான் ஏமாறுகிறேனா?’ என்ற கேள்வி முந்திக்கொள்ளும். அந்த இளைஞர் கேட்டபோது உங்கள் கண்ணில் பட்டது பழைய பில்கள். படி எழுதும்போதும் அதே கதைதான். எல்லோரும் திருடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டால், நாம் எடுப்பது நமக்கு வர வேண்டிய பங்காகத் தெரியும்.

ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் பிறரை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அளக்க 1967-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். பிறரை அதிகம் நம்புகிறவர்கள் பொய் சொல்வது குறைவு என்று 1980-ல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். அவர்கள் மற்றவர்களைவிட எளிதில் ஏமாறுவதாகவும் தெரியவில்லை. நம்பினால் ஏமாளி என்ற உங்கள் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

சந்தேகம் எளிதில் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. நம்பி ஏமாந்தால் அது தெரிந்துவிடும். நம்பாமல் திருப்பி அனுப்பியவர் நேர்மையானவர் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியவே வராது. இந்த முறை சீட்டு வந்ததால் தெரிந்தது. இதற்கு முன் எத்தனை பேரோ!

அதற்காக எல்லாவற்றையும் நம்பச் சொல்லவில்லை. பில்களை எல்லோருக்கும் ஒரே மாதிரி சரிபாருங்கள், உங்களுடையது உட்பட. ஆனால் ஒருவர் அவசரம் என்று வந்தால் இரண்டு தவறுகளையும் எடை போடுங்கள். பொய்யை நம்பியிருந்தால் ஒரு நாள் விடுப்பு வீணாகியிருக்கும். உண்மையை நம்பாததால் அவர் அம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு நாள் போய்விட்டது.

இந்த வாரமே கணக்குப் பிரிவுக்குப் போய், போகாத நாளைச் சேர்த்துவிட்டேன், திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். சரி, இருக்கட்டும்.

அப்புறம் அந்த இளைஞரிடம் அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்து, மன்னிப்புக் கேளுங்கள். பழைய பில் கதையை அவரிடம் சொல்ல வேண்டாம். அதைப் பேச என்னிடம் நேரில் வாருங்கள்.