ஆர்.சி.யில் ஒரு நம்பர், என்ஜினில் வேறு நம்பர்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரரிடம் 1969 மாடல் அம்பாசிடர் மார்க் 2 வாங்கினேன். ரூ.4 லட்சம். "ஒரிஜினல் என்ஜின், மாற்றவே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. சேலத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டு, இது பிற்கால மாடல் என்ஜின், ஆர்.சி. நம்பர் இதில் இல்லை என்கிறார். அப்பா ஓட்டிய வண்டி மாதிரியே என்று ஆசையாக வாங்கினேன். மனசே உடைந்துவிட்டது. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: அப்பாவின் நினைவும், விற்றவர் பேசிய விதமும், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் வண்டி திணறாமல் ஏறியதும் வழக்கில் நிற்காது. நிற்பது அந்த வாட்ஸ்அப் வரி ஒன்றுதான்.

"பானெட்டைத் திறந்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டிருக்கலாமே" என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும். அவர் எதுவும் சொல்லாமல் விற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவின் விதிவிலக்கு (சாதாரண கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது) அவரைக் காப்பாற்றியிருக்கும். தெரிந்தே பொய் எழுதியவருக்கு அந்தச் சாக்கு எளிதில் செல்லாது. ஆனால் தெரிந்தே எழுதினார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த போனைப் பத்திரமாக வையுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் வேறு இடத்தில். "பழைய நம்பரை உரசிட்டு ஆர்.சி. நம்பரையே பன்ச் பண்ணிடலாம் சார்" என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். இதற்குத் தலையாட்டிவிட்டு வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் உண்டு. ஏமாந்தவராக இருந்த நீங்கள் அந்த நிமிஷமே குற்றம் சாட்டப்படுபவர் ஆகிவிடுவீர்கள். உரசிய இடத்தில் வார்ப்பின் சொரசொரப்பு போய் மொழுமொழுவென்று இருக்கும், புது எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்காது. தடயவியலில் அமிலம் தடவினால் அழித்த எண் மறுபடி தெரிய வாய்ப்புண்டு. அந்த என்ஜின் திருட்டு வண்டியினுடையதாக இருந்துவிட்டால், உங்களைக் காப்பாற்ற வேண்டிய சான்றை நீங்களே அழித்திருப்பீர்கள். தொடவே தொடாதீர்கள்.

என்ஜினை இறக்கி வேலை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது எதுவும் இப்போது வேண்டாம். வண்டியை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், அப்புறம் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். இன்னொன்று, ஆர்.சி. இப்போது உங்கள் பெயரில். புதுப்பிக்கப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக் கேள்வி (ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியது ஏன் என்பது) உங்களிடம்தான் வரும்.

நுகர்வோர் மன்றம் போகாதீர்கள், அவர் கார் வியாபாரி இல்லை. போலீசில் சிவில் என்று திருப்பி அனுப்புவார்கள். சிவில் வழக்கு போட்டால் ஆண்டுகள் ஓடும், வண்டி துருப்பிடிக்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். உங்கள் கையில் துருப்புச்சீட்டும் இருக்கிறது: 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021 மோட்டார் வாகன விதிகள் தரும் விண்டேஜ் பதிவு, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. விலை குறைவதற்கு அதுவே நல்ல வாதம். பழைய என்ஜின் எஸ்டேட் ஷெட்டில் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் அதையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். எப்படி முடிந்தாலும், இப்போதுள்ள என்ஜின் யாரிடம், எப்போது வாங்கியது என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பில் இருந்தால் அதுவும். அந்தக் காகிதம் வராமல் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.