சம்பா காப்பீடு முதல் ஜெனீவா வரை: உழவர் கேள்வி பதில்

மன்னார்குடி: ஐயா, பிரீமியம் கட்டியும் மூழ்கிய என் சம்பாவுக்கு இழப்பீடு வரவில்லை. ஏன்?

உங்கள் வயலை யாரும் தனியாகப் பார்க்கவில்லை என்பதால்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்குக் கிராமமே அலகு. குலுக்கலில் வந்த சில வயல்களில் கயிறு பிடித்துச் சதுரம் குறித்து, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரி, முந்தைய ஆண்டுகளின் விளைச்சலை வைத்துக் குறிக்கும் உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். போகாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. மேட்டு வயல் நன்றாக விளைந்தால் பள்ளக்கால் வயல்காரர் கதி அதோகதிதான்.

தனி வயல் நீரில் மூழ்கினால் இழப்பீடு என்ற பிரிவை நெல்லுக்கு 2018-இல் நீக்கினார்கள். வடகிழக்குப் பருவமழையில் சாகுபடி செய்கிறவனுக்கு வெள்ளத்தை விட்டுவிட்டு வேறு எதற்குக் காப்பீடு? 2026 காரீப் (ஜூனில் தொடங்கும் சாகுபடிப் பருவம்) முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவியுங்கள்.

நீடாமங்கலம்: கோயில் நிலக் குத்தகைதாரர் நான். காப்பீடு உண்டா?

உண்டு. ஆனால் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு, உங்கள் பெயரில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையை நம்பாதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யுங்கள். பி.எம். கிசான் என்ற மத்திய அரசு உதவித் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளருக்கு மட்டும்தான். உழுகிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

திருத்துறைப்பூண்டி: குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து?

வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நான் மருந்து சொல்வதில்லை.

சென்னை: நெல்லுக்கு இந்தியா தரும் ஆதரவு, ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் வரம்பை (விளைச்சல் மதிப்பில் 10 சதவீதம்) தாண்டிவிட்டது. விதியை மீறுவது நாம்தானே?

தாண்டியது உண்மை. எப்படித் தாண்டியது என்பதையும் பாருங்கள். இன்றைய ஆதரவு விலையிலிருந்து 1986–88 சராசரி விலையைக் கழிக்கிறார்கள். மிச்சம் முழுவதும் 'மானியம்'. இடையில் டீசல், உரம், ஆள்கூலி ஏறியதெல்லாம் உழவனுக்குக் கொடுத்த சலுகையாகிவிடுகிறது! இந்தக் கணக்கில்தான் 2018–19-இல் அரிசி வரம்பைத் தாண்டியது. 2013 பாலி மாநாட்டின் சமாதானப் பிரிவு (வரம்பு மீறினாலும் வழக்குத் தொடராமல் இருக்கும் உடன்பாடு) இருப்பதால் வழக்கு வரவில்லை. நிரந்தரத் தீர்வு இன்னும் இல்லை. அமெரிக்காவுக்கோ அந்த வரம்புக்கு மேலும் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்பந்தமே இடம் தருகிறது. இந்தியாவுக்கு அப்படி ஒரு டாலர்கூடக் கிடையாது.

சென்னை (மீண்டும்): சரி, இறக்குமதி வந்தால் நுகர்வோருக்கு விலை குறையுமே?

பொள்ளாச்சி (குறுக்கிட்டு): குறைந்ததா என்று கடையில் கேளுங்கள் சார். பாமாயில் இறக்குமதி வரியில் கை வைக்கும்போதெல்லாம் எங்கள் கொப்பரை ஆட்டம் காண்கிறது.

பொள்ளாச்சிக்காரருக்கு என் ஓட்டு. கச்சா பாமாயிலுக்கு அடிப்படைச் சுங்க வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆனது. 2025 மே மாதம் 10 ஆக இறங்கியது. தென்னை காய்க்க ஆண்டுகள் ஆகும். வரி ஓர் இரவில் மாறுகிறது. பருத்தியும் அப்படியே: 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் தள்ளுபடி செய்து, டிசம்பர் இறுதிவரை நீட்டித்தார்கள். வட மாநிலங்களில் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்களும் அதற்குள்தான் வருகின்றன. மலிவு விலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். அதற்கான பணத்தை அரசு கொடுக்கட்டும், ஐந்து ஏக்கர்காரன் தலையில் கட்டவேண்டாம்.

சென்னை (மூன்றாம் முறை): உணர்ச்சிவசப்படுகிறீர்கள்.

ஆமாம். அடுத்தவர்.

கும்பகோணம்: காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேதாரண்யம்: பிரீமியம் கட்டினேன், பணம்...

முதல் பதில்! அடங்கல் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

அரியலூர்: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் நாங்கள் உண்டா?

இல்லை. காவிரிப் படுகைக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரியலூர், திருச்சி, கரூர் மூன்றும் விடுபட்டன. உள்ளே இருக்கும் தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களும் ரொம்ப மகிழவேண்டாம். எண்ணெய், எரிவாயு போன்ற திட்டங்களில் புதியவற்றுக்குத்தான் தடை. முன்பே ஓடிக்கொண்டிருந்தவற்றைச் சட்டம் தொடவில்லை.