கத்தரீன் பிகார் யாருக்கு எதிரி?

கேள்வி: மதக் குழுக்களைக் கலைக்கச் சட்டம் கொண்டுவந்த பிரெஞ்சு எம்.பி. கத்தரீன் பிகார், மதச்சார்பின்மை என்ற பெயரில் வழிபாட்டு உரிமையின் கழுத்தை நெரித்தவர்தானே?

பதில்: இல்லை. அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் நீங்களே இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

1995 டிசம்பரில் பிரான்சின் வெர்கோர் மலைக்காட்டில் 'சூரியக் கோயில்' என்ற மதக் குழுவினர் 16 பேர், கூட்டுத் தற்கொலை என்று சொல்லப்பட்ட சம்பவத்தில் கருகிக் கிடந்தார்கள். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளா விரும்பி உயிரைக் கொடுத்தார்கள்? பிகார் 1997இல் எர் மாவட்டத்திலிருந்து சோஷலிஸ்ட் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனபோது, நாட்டின் முன் இந்தக் கேள்விதான் நின்றது. எதிர் முகாமைச் சேர்ந்த செனட்டர் நிக்கோலா அபூவின் பெயரும் பிகாரின் பெயரும் சேர்ந்து வழங்கும் சட்டம் 2001 ஜூன் 12 அன்று வந்தது.

அது எந்த நம்பிக்கையையும் தடை செய்யவில்லை. ஓர் அமைப்போ அதன் தலைவர்களோ குறிப்பிட்ட குற்றங்களுக்காக இறுதித் தீர்ப்பில் தண்டிக்கப்பட்டிருந்தால்தான் நீதிமன்றம் அதைக் கலைக்க முடியும். நோய், முதுமை, இளவயது, இடைவிடாத மன நெருக்கடி ஆகியவற்றால் பலவீனப்பட்டவரைச் சுரண்டினால் மூன்று ஆண்டு சிறை. சுரண்டுபவர், ஆட்களை மனத்தளவில் அடிமைப்படுத்தும் ஒரு குழுவின் தலைவரானால் ஐந்து ஆண்டு. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு மூதாட்டியை நடுத்தெருவில் விடுவது எந்த மதத்தின் வழிபாடு?

பிகாரை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் வரைவில் 'மனத்தைக் கையாளுதல்' என்றே ஒரு குற்றம் இருந்தது. திருச்சபைகளும் மனித உரிமை ஆணையமும் எதிர்த்தன. அது கைவிடப்பட்டது. எதிர்ப்பைக் காதில் வாங்கித் திருத்தப்பட்ட சட்டம் இது.

உங்கள் கோபத்துக்கு உரிய இடம் வேறு. 1995இல், பிகார் நாடாளுமன்றம் வருவதற்கு முன்பே, ஒரு நாடாளுமன்ற விசாரணைக் குழு நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளைச் சந்தேகத்துக்குரிய மதக் குழுக்கள் என்று பட்டியலிட்டது. கொலைகாரக் கூட்டத்தையும் வீடு வீடாகப் பிரசங்கம் செய்யும் யெகோவாவின் சாட்சிகளையும் ஒரே தாளில் எழுதியது பெரும் அநியாயம். அந்தப் பட்டியலை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று 2005இல் பிரதமர் ரஃபரேன் சுற்றறிக்கை அனுப்பும்வரை பலர் மீது அந்தக் கறை இருந்தது.

பிகார் 2002 தேர்தலில் தோற்றார். தோற்ற பிறகும் விட்டுவிடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் துணை நிற்கும் சங்கங்களின் கூட்டமைப்புக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார். 2024இல் வந்த புதிய சட்டம், ஒருவரை உளவியல் அடிமைத்தனத்தில் வைத்து அவருடைய உடல்நலத்தையோ மனநலத்தையோ கடுமையாகச் சிதைப்பதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. பக்தி எங்கே முடிகிறது, அடிமைத்தனம் எங்கே தொடங்குகிறது என்று நீதிபதி எப்படி அளப்பார்? இதைக் கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.