அந்த டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது

கேள்வி: "முடிந்துவிட்டதே என்று அழாதே, நடந்ததே என்று சிரி." டாக்டர் சூஸ் சொன்ன இந்த வரியை என் மகளின் பிரிவுபசார விழாவில் பேனரில் போட்டிருந்தார்கள். மனதைத் தொட்டுவிட்டது. இப்படியொரு தத்துவம் சொன்ன அந்தக் குழந்தை மருத்துவரைப் பற்றி எழுதுங்களேன்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டு ஏமாற்றங்கள் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் மருத்துவரும் இல்லை; அந்த வரி அவருடையதும் இல்லை.

குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் போட்ட அமெரிக்கர். பெயர் தியோடர் சூஸ் கெய்சல். 1904-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். டார்ட்மவுத் கல்லூரியில் நகைச்சுவைப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தபோது, மதுவிலக்குக் காலத்தில் நண்பர்களோடு ஜின் குடித்து மாட்டினார். 'இனிப் பத்திரிகையில் எழுதக் கூடாது' என்று தண்டனை. சரி, கெய்சல்தானே எழுதக் கூடாது என்று, தாய்வீட்டுப் பெயரான சூஸ் என்று கையெழுத்துப் போட்டு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டுக்கு இலக்கியம் படிக்கப் போய், முடிக்காமல் திரும்பினார். வாங்காத பட்டத்தைப் பிற்பாடு தானே முன்னால் ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான். டார்ட்மவுத் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததெல்லாம் ஐம்பதுகளில். அதற்கு முன் பல வருஷம் அவருக்குச் சோறு போட்டது பூச்சிமருந்து விளம்பரம்.

பேனர் வரிக்கு வருவோம். ஏறக்குறைய இதையே லூட்விக் யாகோபோவ்ஸ்கி என்ற ஜெர்மானியக் கவிஞர் எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 1900-ல். சூஸ் பிறக்கவே மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கி. சூஸின் புத்தகம் எதிலும் இந்த வரி கிடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அநாதையாகத் திரிந்தால், பெயருள்ள யாராவது ஒருவர் தத்தெடுத்துத்தானே ஆகவேண்டும்! நம்மூரில் அப்துல் கலாம் படும் பாடு அமெரிக்காவில் இவருக்கு.

எனக்கு எரிச்சல் ஏன் தெரியுமா? சொற்களை எண்ணி எண்ணிச் செலவு செய்த மனிதர் இவர். பள்ளிப் பாடநூல்கள் சலிப்பூட்டுவதால்தான் பிள்ளைகள் வாசிக்க மாட்டேனென்கிறார்கள் என்று 1954-ல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். உடனே ஒரு பதிப்பாளர் ஒரு சொற்பட்டியலை நீட்டி, இதற்குள் ஒரு கதை எழுது, பிள்ளை கீழே வைக்கக் கூடாது என்றார். ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி, வெறும் 236 வெவ்வேறு சொற்களில் 'தி கேட் இன் தி ஹேட்' எழுதினார். 1957-ல் வெளிவந்தது. அப்புறம் பென்னட் செர்ஃப் என்ற இன்னொரு பதிப்பாளர், 50 சொல்லில் எழுத முடியாது என்று 50 டாலர் பந்தயம் கட்டினார். 1960-ல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வந்தது. சரியாக 50 சொல். அதில் 49 ஓரசைச் சொற்கள். 'எனிவேர்' ஒன்றுதான் நீளம். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், அந்தக் கணக்கின் அருமை தெரியும்.

அதற்காக மகானாக்கிவிடவும் வேண்டாம். இதே கை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிக்கொண்டிருந்த 1942 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வரிசையில் நின்று வெடிமருந்து வாங்குகிறார்கள். ஜப்பானிலிருந்து சமிக்ஞை வரக் காத்திருக்கிறார்களாம். அடுத்த வாரமே அந்த மக்களை வெளியேற்ற வழிசெய்யும் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். படம் பார்த்துப் போட்ட ஆணை இல்லைதான். ஆனால் கூச்சலில் சூஸின் குரலும் இருந்தது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய்வந்தார். எவ்வளவு சிறியவரானாலும் மனிதர் மனிதரே என்று சொல்லும் ஹார்ட்டன் யானைக் கதையை 1954-ல் எழுதி, ஒரு ஜப்பானிய நண்பருக்குக் காணிக்கையாக்கினார். மன்னிப்பாக எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம். இனக் கேலி இருப்பதாக அவருடைய ஆறு புத்தகங்களின் அச்சை 2021-ல் அவர் பெயரிலுள்ள நிறுவனமே நிறுத்திவிட்டது. 1937-ல் வந்த முதல் புத்தகமும் அதில் ஒன்று.

உண்மையிலேயே அவர் வாயிலிருந்து வந்த வரிதான் வேண்டுமா? அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைக் கிளறினால் சொல்வாராம்: "பெறுவது உங்கள் வேலை, சிரிக்கவைப்பது என் வேலை." பேனருக்குத்தான் ஒத்துவராது.