ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு என்றால் என்ன? ஏன் உடனே மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள்?

சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீர் வெளியேறும் பாதை அடைத்துக்கொள்வதுதான் சிறுநீர் அடைப்பு. பெண் பூனைக்கு இந்தப் பாதை அகலமானது, குட்டையானது. ஆண் பூனைக்கு நீளம் அதிகம், நுனிப் பக்கம் மிகவும் குறுகல். அதனால் சிறுநீரில் உருவாகும் நுண்ணிய படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்தாலே போதும், அடைத்துவிடும். சிறுநீர்ப்பை வீக்கமும் ஒரு காரணம். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற மன அழுத்தம்கூட அதைத் தூண்டும்.

குழாய் திறந்தே இருக்கும் தொட்டியில் வடிகால் அடைத்தால் என்ன ஆகும்? அப்படித்தான் இதுவும். சிறுநீரகம் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், வெளியேற வழியிருக்காது. ஒரு கட்டத்தில் சிறுநீரகமும் திணறி, கழிவுகள் ரத்தத்திலேயே தேங்கும். முக்கியமாகப் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். அதனால் தயவுசெய்து 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை நீக்குவார். ரத்தக் குழாய் வழியாக டிரிப்ஸ் ஏற்றுவார். பெரும்பாலும் சில நாள் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அப்புறம் ஈர உணவும் நிறையத் தண்ணீரும் அவசியம், ஏனென்றால் இது திரும்ப வரக்கூடியது.

பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அடைப்பைத்தான்.