வலிப்புக் குளிசையும் முடி கொட்டலும்: சிங்க் வாங்கிக் கொடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 11 வயது மகள் வலிப்புக்காக மூன்று வருடமாகச் சோடியம் வல்புரோயேட் எடுக்கிறாள். இப்போது தலை வாரினால் சீப்பெல்லாம் முடி. "இந்த மருந்து உடம்பிலிருக்கும் சிங்க், செலீனியம் என்ற கனிமச் சத்துகளைக் குறைத்துவிடுமாம். பாமசியில் அந்தக் குளிசை வாங்கிக் கொடுக்கவா? இல்லை, வலிப்பு மருந்தைக் கொஞ்சம் குறைக்கவா?"

அம்மா, மருந்தை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒரு வேளையும் விட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து நிற்காமல் போகலாம். அது உயிருக்கே ஆபத்து.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. வல்புரோயேட்டை ஈரல் உடைக்கும்போது உண்டாகும் சில பொருட்கள் கலங்களில் ஒட்சியேற்ற அழுத்தத்தைக் கூட்டும், அதாவது கலங்களைச் சேதப்படுத்தும் ஒட்சிசன் சார்ந்த பொருட்கள் மிஞ்சிப்போகும். அதைத் தணிக்கும் நொதியங்கள் வேலை செய்ய சிங்க், செம்பு, செலீனியம் வேண்டும். இம்மருந்தை நெடுநாள் எடுத்தவர்களின் இரத்தத்தில் சிங்க்கும் செலீனியமும் குறைந்திருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசமே இல்லை என்கின்றன வேறு சில. ஆனால் வலிப்பும் அதே ஒட்சியேற்ற அழுத்தத்தை மூளையில் உண்டாக்குகிறது. அதனால்தான் மருந்தில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

முடி கொட்டுவது இம்மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. பெரும்பாலும் மருந்தின் அளவைப் பொறுத்தது. டொக்டர் அளவை மாற்றினால் அநேகமாகத் திரும்ப முளைக்கும். சிலருக்குச் சுருள் முடியாகவும் வரும்.

சரி, பாமசிக் குளிசை? கேட்காமல் வாங்காதீர்கள். செலீனியம் மிஞ்சினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும், நகத்தை உடைக்கும். சிங்க்கை அதிகமாக நெடுநாள் கொடுத்தால் செம்பு குறைந்து இரத்தசோகை வரலாம். வாவி நண்டு, இறால், மீன், முட்டை, எருமைத் தயிர், கௌபி என்று நம் ஊரில் கிடைப்பதை மாறி மாறிக் கொடுங்கள்.

அடுத்த கிளினிக்கில் முடி கொட்டுவதைச் சொல்லி, பிள்ளையின் இப்போதைய நிறைக்கு மருந்தளவு சரியா, ஈரல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. கர்ப்பகாலத்தில் வல்புரோயேட் வயிற்றுப் பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும். மகள் பெரியவளாகும் வயது. வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

சத்தி, விடாத சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, கண் மஞ்சளாதல், அடிபடாமலே கண்டல் இவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதி வரைக்கும் பார்த்திருக்காமல், மருந்துச் சிட்டையோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.